கோல்ஃப் கேள்வி பதில்: ஹேண்டிகேப் குறைய எதைப் பயில வேண்டும்?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத் தெரிவிக்கின்றன. நேரமும் பணமும் செலவிட்டு ஆடியும், பயின்றும் ஹேண்டிகேப் அசையாமல் நிற்கிறது என்பதே அந்தக் கவலை. பந்தை ஒருமுறை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக். வகுக்கப்பட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கையே பார். நன்றாக ஆடும் நாளில் ஒருவர் பாரைவிட ஏறத்தாழ எத்தனை ஸ்ட்ரோக் கூடுதலாக எடுப்பார் என்பதைக் காட்டும் எண்ணே ஹேண்டிகேப், அது குறைவது முன்னேற்றம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் டிரைவிங் ரேஞ்சுக்குச் (பந்தை அடித்துப் பழகும் திடலுக்கு) சென்று, ஒவ்வொரு முறையும் நூறு பந்துகளாவது அடிக்கிறேன். அங்கே ஏழாம் எண் அயர்னால் (நடுத்தர தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை) அடித்த பந்து நேராகப் போகிறது. மைதானத்தில் அதே கிளப் கைவிட்டுவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாக என் ஹேண்டிகேப் 19-க்குக் கீழே இறங்கவில்லை. என் பயிற்சியில் என்ன குறை?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் உழைப்பில் குறை இல்லை, அது செலவாகும் விதத்தில்தான் குறை இருக்கிறது. ஒரே கிளப்பால் ஒரே இலக்கை நோக்கி முப்பது பந்துகளை அடுத்தடுத்து அடிக்கும்போது, சிறிது நேரத்திலேயே உடல் முந்தைய அசைவைச் சற்றுத் திருத்தித் திரும்பச் செய்யத் தொடங்கிவிடுகிறது. தூரத்தைக் கணிப்பது, கிளப்பைத் தேர்வு செய்வது, காற்றைக் கவனிப்பது, இலக்கை நோக்கி நின்றுகொள்வது ஆகிய வேலைகளில் எதையும் மனம் அப்போது செய்வதில்லை. மைதானத்திலோ ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே சில நிமிட நடை இருக்கிறது, கிளப் மாறுகிறது, பந்து கிடக்கும் தரை மாறுகிறது, வாய்ப்பும் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. ரேஞ்சில் பயின்ற திறமையும் மைதானத்தில் தேவைப்படும் திறமையும் வெவ்வேறாக இருப்பதால்தான் ஒன்று மற்றொன்றுக்கு உதவவில்லை.

இது வெறும் அனுபவக் கூற்று அன்று. ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் கை அசைவுகளைக் கற்கும் இரு குழுக்களை ஒப்பிட்டனர். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்த அசைவுக்குச் சென்ற குழு, பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்தது. அசைவுகளைக் கலைத்துக் கலைத்துப் பயின்ற குழு பயிற்சியின்போது தடுமாறியது. ஆனால் இடைவெளி விட்டுச் சோதித்தபோது அந்தக் குழுவே முந்தியது. அதன்பின் விளையாட்டுத் திறன்களைப் பற்றிய பல ஆய்வுகளும் ஏறத்தாழ இதே திசையைக் காட்டியுள்ளன. பயிற்சியின்போது எளிதாகத் தோன்றுவது மனத்தில் தங்கிவிட்டது என்று நம்புவதுதான் ரேஞ்சில் நேரும் பெரிய ஏமாற்றம்.

ஆகவே நூறு பந்துகளை அறுபதாகக் குறையுங்கள். முதல் பத்துப் பந்துகள் உடலைச் சூடாக்குவதற்கு உரியவை. ஸ்விங்கில் (கிளப்பை வீசும் அசைவில்) பயிற்சியாளர் ஏதேனும் மாற்றம் சொல்லியிருந்தால், அடுத்த இருபது பந்துகளை அதற்காக ஒரே கிளப்பில் மெதுவாக அடிக்கலாம். புதிய அசைவொன்றை உடலுக்கு அறிமுகப்படுத்தும் கட்டத்தில் அந்த முறை சரியானதே. மீதமுள்ள முப்பது பந்துகளில் ஒரு கிளப்பை இரண்டு முறை தொடர்ச்சியாக எடுக்கக் கூடாது. நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தின் முதல் ஹோலை மனத்தில் வைத்து டிரைவரால் (நீண்ட தூரத்துக்கான கிளப்) அடியுங்கள். பந்து போன இடத்தைப் பார்த்து, அங்கிருந்து கிரீன் (குழியைச் சுற்றியுள்ள சீரான புல்தரை) எத்தனை கெஜம் இருக்கும் என்று கணித்து, அதற்குரிய அயர்னை எடுங்கள். பின்பு தேவையானால் வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கான கிளப்). இப்படி ஒன்பது ஹோல்களையும் ரேஞ்சிலேயே ஆடி முடிக்கலாம். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, பிறகு நிலைக்கு வந்து அடிக்க வேண்டும். முப்பது பந்துகளுக்கு நாற்பது நிமிடம் ஆகும், ஆகட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான ரேஞ்சுகளில் செயற்கைப் புல் விரிப்பின்மீது அடிக்கிறோம். பந்துக்கு ஓரங்குலம் பின்னால் கிளப் தரையைத் தொட்டாலும், விரிப்பில் அது வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே அனுப்பிவிடும். உண்மையான புல்லில் அதே தவறு பந்தைப் பாதி தூரத்திலேயே நிறுத்திவிடும். உங்கள் ஏழாம் எண் அயர்ன் மைதானத்தில் கைவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். புல்தரையில் அடிக்க வாய்ப்புக் கிடைக்கும் நாள்களில், பெயர்ந்த புல்லின் தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால், இலக்கின் பக்கமாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஹேண்டிகேப் இண்டெக்ஸ் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? பார் 72 உள்ள மைதானத்தில் 92 ஸ்ட்ரோக் ஆடும் எனக்கு 20 வர வேண்டாமா? 17 என்று காட்டுகிறது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏ அமைப்பும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து 2020 முதல் நடைமுறைப்படுத்திய உலக ஹேண்டிகேப் முறையே இப்போது பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர். ஸ்லோப் ரேட்டிங் என்பது சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினமாகிறது என்பதன் அளவு. அது 55 முதல் 155 வரை இருக்கும், 113 என்பது அடிப்படை.

உங்கள் ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 124 உள்ள மைதானத்தில் 92 ஆடினால் 20.8-ஐ 113-ஆல் பெருக்கி 124-ஆல் வகுக்கிறோம், 19.0 கிடைக்கிறது. அன்றைய வானிலையும் மைதான நிலையும் எல்லோருடைய ஸ்கோரையும் வழக்கத்துக்கு மாறாகப் பாதித்திருந்தால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு. இவ்வாறு கிடைத்த கடைசி இருபது எண்களில் மிகக் குறைவான எட்டின் சராசரியே உங்கள் இண்டெக்ஸ். மீதிப் பன்னிரண்டும் கணக்கில் சேர்வதே இல்லை.

இதன் பொருளை உணர்ந்துகொள்வது முக்கியம். ஹேண்டிகேப் உங்கள் சராசரி ஆட்டத்தைக் காட்டுவதில்லை. நன்றாக ஆடும் நாளில் நீங்கள் எட்டக்கூடிய நிலையைக் காட்டுகிறது. நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை மட்டுமே தம் ஹேண்டிகேப் அளவுக்கு ஒருவர் ஆடுவது இயல்பு. ஆகவே 17 என்ற எண்ணைப் பார்த்து உங்களுக்கு அநீதி நேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: ஆட்டத்தில் பாதி ஸ்ட்ரோக் கிரீனில்தான் போகிறது, ஆகவே பயிற்சியில் பாதியைப் பட்டிங்குக்கே (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது) கொடுக்க வேண்டும் என்று எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை இது, நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதும்கூட. ஆனால் ஸ்ட்ரோக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உண்மை விளங்காது. கிரீனில் எல்லோருமே ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது ஸ்ட்ரோக் வரை எடுக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரருக்கும் மற்றொருவருக்கும் உள்ள வேறுபாடு எங்கே உண்டாகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பந்து ஒவ்வோர் இடத்தில் இருக்கும்போதும் அங்கிருந்து குழியில் இட சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் தேவைப்படுகிறது என்று திரட்டி, ஒவ்வொரு ஷாட்டும் அந்தச் சராசரியைவிட எவ்வளவு ஈட்டியது, எவ்வளவு இழந்தது என்று அவர் அளந்தார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் பட்டிங்கை அளக்க இம்முறையை ஏற்றுக்கொண்டது. அவருடைய கணக்கின்படி, தொழில்முறை ஆட்டக்காரர்களில் முன்னணியில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட ஈட்டும் சாதகத்தில் 40 விழுக்காடு கிரீனை நோக்கி அடிக்கும் ஷாட்டுகளிலிருந்தும், 28 விழுக்காடு டீயிலிருந்து (ஹோல் தொடங்கும் இடம்) அடிக்கும் நீண்ட ஷாட்டுகளிலிருந்தும், 17 விழுக்காடு கிரீனைச் சுற்றியுள்ள ஷாட்டுகளிலிருந்தும், 15 விழுக்காடு மட்டுமே பட்டிங்கிலிருந்தும் வருகிறது. நம்மைப் போன்றவர்களிடமும் படம் பெரிதாக மாறுவதில்லை. இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களிடையே பத்து ஸ்ட்ரோக் வேறுபாடு இருந்தால், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில்தான் உண்டாகிறது.

இதைக் கேட்டுவிட்டுப் பட்டிங்கைக் கைவிடுவதும் தவறே. எது உங்கள் ஆட்டத்தைத் தின்கிறது என்பது உங்கள் ஸ்கோர் கார்டில்தான் இருக்கிறது. அடுத்த ஐந்து ஆட்டங்களில் ஸ்கோருடன் வேறு நான்கு விவரங்களையும் குறித்து வாருங்கள்: டீ ஷாட் அடுத்த ஷாட்டை இயல்பாக ஆடக்கூடிய இடத்தில் விழுந்ததா, கிரீனை நோக்கி அடித்த ஷாட் எந்தப் பக்கம் தவறியது, எத்தனை பெனால்டி (தண்ட) ஸ்ட்ரோக், எத்தனை ஹோல்களில் மூன்று பட். நம் ஊர்களில் பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளரான கேடியிடம் கேட்டால் இவற்றை நீங்களே மறந்துபோன ஷாட்டுகளோடு சேர்த்துச் சொல்வார். பலருடைய ஆட்டத்தை அவர்களைவிடத் தெளிவாக அறிந்தவர் கேடிதான். பெனால்டிகள் அதிகமாக இருந்தால் டிரைவரில் வேலை இருக்கிறது. கிரீனுக்கு முன்னால் குறையாக விழும் ஷாட்டுகள் அதிகமானால், பெரும்பாலும் ஸ்விங்கில் குறையிராது. கிளப் தேர்வில்தான் குறை இருக்கும். பந்து மிக நன்றாகப் பட்ட ஒரு நாளின் தூரத்தையே தம் தூரமாகப் பலரும் நினைவில் வைத்திருப்பதால் இது நேர்கிறது.

பட்டிங்கில் எதைப் பயில்வது என்பதற்கும் பிராடியின் எண்கள் வழிகாட்டுகின்றன. பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து பாதி முறைதான் குழியில் இடுகிறார்கள். சராசரியாக 90 ஆடுபவர் 5 அடியிலிருந்து பாதி முறை இடுகிறார். 20 அடியிலிருந்து நூற்றுக்கு ஆறு முறையளவே இடுகிறார். எனவே 20 அடியிலிருந்து பந்தை உள்ளே இடப் பாடுபடுவது நேரத்தை வீணாக்கும். 30, 40 அடியிலிருந்து அடித்த பந்து குழிக்கு மூன்று அடிக்குள் நிற்கப் பழகுங்கள். பிறகு மூன்று முதல் ஐந்து அடி வரை உள்ள பட்டுகளைக் குழியைச் சுற்றி எல்லாப் பக்கங்களிலிருந்தும் அடியுங்கள். நடுத்தர தூரத்தை விட்டுவிட்டு இந்த இரண்டையும் செய்தால், மூன்று பட் எடுக்கும் ஹோல்கள் குறைவதை விரைவிலேயே காண்பீர்கள்.

கேள்வி: என் டிரைவர் எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகிறது. புதிய மாடல் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: வளைவு சரியாகாது. டிரைவர் தலையின் கன அளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், அதன் முகம் பந்தை உந்தும் திறன் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் விதிகள் கட்டுப்படுத்துவதால், புதிய மாடலால் தரக்கூடிய தூரத்துக்கும் வரம்பு உண்டு. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் கிளப் முகத்தின் கோணமே தீர்மானிக்கிறது. அந்த முகம் கிளப் செல்லும் பாதையைவிட எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்து வளைகிறது. வலக்கை ஆட்டக்காரரான உங்களுக்குப் பாதை இடப்பக்கம் வெட்டிச் செல்ல, முகம் அதைவிட வலப்பக்கம் திறந்திருக்கிறது. முதலில் பிடியைப் பாருங்கள்: குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். பந்து டிரைவர் முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதையும் முகத்தில் சிறிது பவுடர் தூவிப் பாருங்கள். குதிப்பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) பட்டாலும் வலப்பக்க வளைவு கூடும். மாடலுக்குச் செலவிட வைத்திருக்கும் தொகையில் ஒரு பகுதியை நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் சில வகுப்புகளுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: உதகையில் ஆடிப் பழகிய எனக்குச் சென்னையில் ஆடும்போது ஒவ்வொரு ஷாட்டும் குறையாக விழுகிறது. பதற்றமா, வேறு காரணமா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: காற்றுதான் காரணம். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்துக்கு ஏற்படும் தடையும் குறைவு. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் தூரம் கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. உதகையில் 150 கெஜம் பறக்கும் அயர்ன் சென்னையில் 140 கெஜத்துக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும். கோடை வெப்பம் கொஞ்சம் ஈடு செய்யும் என்றாலும் முழுவதும் ஈடு செய்யாது. சமவெளியில் ஆடும்போது ஒரு கிளப் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விங்கை மாற்ற வேண்டாம்.

கேள்வி: ஐம்பத்தெட்டு வயதில் ஆடத் தொடங்கினேன். என் இண்டெக்ஸ் 36. உடன் ஆடுபவர்கள் எல்லோரும் "இன்னும் வேகமாக அடியுங்கள்" என்கிறார்கள். பார் 4 ஹோலில் இரண்டு ஷாட்டில் என்னால் கிரீனை எட்டவே முடியாது. நான் எதில் கவனம் செலுத்துவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, முதலில் எந்த டீயிலிருந்து ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். டீ ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்டிங் இருக்கிறது. பெண்களுக்கென்று தனியாகவும் ரேட்டிங் தரப்படுகிறது. முன்னால் உள்ள டீயிலிருந்து ஆடினால் அதற்கேற்ற கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்துக்கும் டீக்கும் ஏற்ப மாற்றிய எண்) கிடைக்கும். கணக்கில் எந்தச் சலுகையும் யாரும் தரவில்லை. உலக முறையில் ஆண், பெண் இருவருக்கும் உச்ச வரம்பு 54.0 என்று வைத்திருப்பதன் நோக்கமே உங்களைப் போல் தாமதமாகத் தொடங்கியவர்களும் மதிப்போடு ஆட வேண்டும் என்பதுதான்.

36 என்றால் ஏறத்தாழ ஒவ்வொரு ஹோலிலும் இரண்டு ஸ்ட்ரோக் உங்களுக்குக் கூடுதலாக உண்டு. பார் 4 உங்களுக்கு 6. மூன்று ஷாட்டில் கிரீனுக்கு வந்து இரண்டு பட் எடுத்தால் 5. உங்கள் கணக்கில் அது ஒரு ஸ்ட்ரோக் ஆதாயம். ஆகவே உங்கள் ஆட்டத்தின் இதயம் மூன்றாவது ஷாட். அது பெரும்பாலும் 30 முதல் 70 கெஜத்துக்குள் அமையும். அந்த தூரத்துக்கு ஒரே வெட்ஜில் மூன்று அளவு ஸ்விங்குகளைப் பயின்று, ஒவ்வொன்றும் எத்தனை கெஜம் பறக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட அயர்ன்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அவற்றுக்குப் பதிலாக ஹைபிரிட், ஃபேர்வே வுட் ஆகிய கிளப்களை வையுங்கள். மெதுவான ஸ்விங்கிலும் அவை பந்தை உயர்த்தும். வேகத்தைக் கூட்டவே முடியாது என்பதில்லை. உடற்பயிற்சியால் எந்த வயதிலும் ஓரளவு கூட்டலாம். ஆனால் மைதானத்தில் ஸ்கோர் எழுதும் நேரம் அதற்குரிய இடம் அன்று.

கேள்வி: ஒவ்வோர் ஆட்டத்திலும் பதினைந்து ஹோல்களை நிதானமாக ஆடிவிட்டு, இரண்டு மூன்று ஹோல்களில் 8, 9 என்று எழுத நேர்கிறது. என் கோர்ஸ் ஹேண்டிகேப் 20. இதை நிறுத்துவது எப்படி?
– ஒரு வாசகர், கொழும்பு

பதில்: உங்கள் கடிதமே பலருக்கு உதவும். ஹேண்டிகேப்பை வேகமாகக் குறைக்க விரும்பும் இருபது அளவிலான ஆட்டக்காரருக்கு பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு) தேவையில்லை. பெரிய எண்கள் மறைந்தால் போதும். 20 ஹேண்டிகேப் உள்ளவருக்கு ஒவ்வொரு ஹோலிலும் ஒரு ஸ்ட்ரோக்கும், கடினமான இரண்டு ஹோல்களில் இரண்டு ஸ்ட்ரோக்கும் கிடைக்கின்றன. அதாவது மற்ற எல்லா ஹோல்களிலும் போகி (பாரைவிட ஒன்று கூடுதல்) எடுத்து, அந்த இரண்டில் டபுள் போகி எடுத்தாலே நீங்கள் உங்கள் ஹேண்டிகேப்பை ஆடிவிட்டீர்கள். பார் 4 உங்களுக்குப் பார் 5 என்று மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டால், இரண்டாவது ஷாட்டில் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய கட்டாயம் தானாகவே விலகிவிடும்.

பெரிய எண் பெரும்பாலும் மோசமான ஒரு ஷாட்டால் வருவதில்லை. அதைச் சரிசெய்ய அடித்த அடுத்த ஷாட்டால்தான் வருகிறது. மரங்களுக்கிடையே பந்து போய்விட்டால், இலைகளின் ஊடே தெரியும் சிறு இடைவெளி உங்களை அழைக்கும். பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் (சீராக வெட்டிய புல்பாதைக்கு) தட்டிவிட்டு வெளியே வாருங்கள். அங்கிருந்து ஓர் அயர்ன், ஒரு வெட்ஜ், இரண்டு பட் என்று 6 எழுதலாம், சில நாள்களில் 5 எழுதலாம். எல்லைக்கு வெளியே போயிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், நடக்கத் தொடங்கும் முன்பே புரொவிஷனல் பந்தை (முன்னெச்சரிக்கையான மாற்றுப் பந்தை) அடித்துவிடுங்கள். 2019 முதல் பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. கொடி ஓரத்தில் இருந்தாலும் கிரீனின் நடுவையே குறி வையுங்கள். உங்கள் ஷாட்டுகள் இலக்கின் இருபுறமும் எவ்வளவு அகலத்தில் சிதறுகின்றன என்று ரேஞ்சில் ஒருமுறை பார்த்துவிட்டால், பங்கருக்குப் (மணல் பள்ளத்துக்கு) பின்னால் ஒளிந்திருக்கும் கொடியை நோக்கி அடிப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது உங்களுக்கே புரியும்.

பயிற்சியிலும் இதற்கு இடமளிக்க வேண்டும். முக்கால் ஸ்விங்கில் ஆறாம் எண் அயர்னால் பந்தைத் தாழ்வாகத் தட்டி விடுவது, பங்கரிலிருந்து முதல் முயற்சியிலேயே வெளியே வருவது, கிரீனைச் சுற்றிக் கடினமான இடங்களிலிருந்து பந்தைக் கிரீனில் ஏற்றுவது ஆகிய மூன்றையும் மாதம் இருமுறையாவது பயிலுங்கள். கடைசி ஒன்றுக்கு நல்ல முறை ஒன்று உண்டு. ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்களில் இருந்து அடித்து, ஒவ்வொரு முறையும் குழியில் இட்டு முடித்து, மொத்த ஸ்ட்ரோக்குகளை எண்ண வேண்டும். இடத்துக்கு இரண்டு வீதம் 18 என்பது முழுமை. 27 எடுத்தாலே நிதானமான தொடக்கம். வாரந்தோறும் அந்த எண்ணை எழுதிவைத்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு உச்ச வரம்பும் உண்டு: பார், அதனுடன் இரண்டு, அதனுடன் அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும் பார் 4 ஹோலில் நீங்கள் 9 எடுத்தாலும் கணக்கில் 7 என்றே பதிவாகும். ஆனால் மொத்த ஸ்ட்ரோக்குகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளே போட்டியில் ஒன்பதும் ஒன்பதாகவே எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று அடி தூரப் பட்டுகளைப் பயிற்சியில் எளிதாகக் குழியில் இடுகிறேன். போட்டியில் கை நடுங்குகிறது. இதற்குப் பயிற்சி உண்டா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உண்டு. கையை அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று கையையே நினைத்துக்கொண்டிருந்தால் நடுக்கம் கூடவே செய்யும். கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கோல்ஃப் ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குச் சிறு ஷாட்டைக் கற்பித்தனர். கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தனர். கவனத்தை உடலுக்கு வெளியே, பந்து உருண்டு நுழைய வேண்டிய குழியின் விளிம்பில் ஒரு புள்ளியில் வையுங்கள்.

அதோடு பயிற்சியிலும் சிறிது விலை வைக்க வேண்டும். குழியைச் சுற்றி எட்டு இடங்களிலிருந்து மூன்று அடி பட் எட்டையும் தொடர்ச்சியாக இட வேண்டும். எட்டாவது தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதித்துக்கொள்ளுங்கள். ஆறாவது, ஏழாவது பட்டில் போட்டியின் அதே படபடப்பு வரும். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செயல்படுங்கள்: கோட்டைப் பாருங்கள், ஒருமுறை ஒத்திகை, குழியைப் பாருங்கள், அடியுங்கள். மூன்றாவது முறை யோசிக்க நின்றால் மீண்டும் பந்துக்குப் பின்னால் சென்று தொடங்குங்கள்.

கேள்வி: நல்ல ஸ்கோர் வந்தால் கார்டைப் பதிவு செய்யாதே, போட்டியில் ஹேண்டிகேப் உதவும் என்கிறார் ஒரு நண்பர். மோசமான ஸ்கோரைப் பதிவு செய்யாதே, எண் அழகாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். நான் யாரைக் கேட்பது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இருவரையும் கேட்க வேண்டாம். கார்டில் எழுதும் எண்ணை நம்பித்தான் உங்களோடு ஆடுபவர் தம் ஸ்ட்ரோக்குகளை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். முதல் நண்பர் சொல்வது பிறருடைய பரிசை எடுத்துக்கொள்வது. அதற்குக் கிளப்புகளில் நல்ல பெயர் கிடையாது. அந்த வழியை உலக ஹேண்டிகேப் முறையும் ஓரளவு அடைத்திருக்கிறது. ஓர் ஆட்டத்தின் கணக்கு உங்கள் இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை குறைவாக வந்தால் கூடுதலாக ஒரு ஸ்ட்ரோக்கும், 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால் இரண்டு ஸ்ட்ரோக்கும் உடனே கழிக்கப்படும். கிளப்பின் ஹேண்டிகேப் குழுவுக்கும் திருத்தும் அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே எண்ணை உயர்த்துவோருக்கும் தடை இருக்கிறது: கடந்த 365 நாள்களின் மிகக் குறைந்த இண்டெக்ஸைவிட 3.0-க்கு மேல் உயர்ந்தால் கூடும் பகுதி பாதியாகக் குறைக்கப்படுகிறது, 5.0-க்கு மேல் உயரவே விடப்படுவதில்லை.

இரண்டாம் நண்பரின் யோசனை உங்களையே பாதிக்கும். உண்மையில் 17 ஆக இருப்பவர் 13 என்று பதிவு வைத்துக்கொண்டு போட்டிக்குச் சென்றால், ஒவ்வொரு முறையும் நான்கு ஸ்ட்ரோக் பின்தங்கியே தொடங்குவார். பயிற்சியில் எதைத் திருத்துவது என்று சொல்லித்தரும் ஒரே ஆவணமும் பொய்யாகிவிடும். மோசமான ஆட்டங்கள் எட்டில் சேராமல் போகும் என்பதால், அவற்றைப் பதிவு செய்வதில் பெரிய இழப்பும் இல்லை.

கேள்வி: அலுவலகப் பணியால் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம். 18-லிருந்து 12-க்கு வர எவ்வளவு காலம் ஆகும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நீங்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்பதால் மாதக் கணக்கில் உறுதி கூற இயலாது, ஆனால் கணக்கு எப்படி நகரும் என்பதைச் சொல்ல முடியும். எட்டின் சராசரி என்பதால், அந்த எட்டில் உள்ள 18 என்ற ஒரு பழைய எண்ணை 12 என்ற புதிய எண் இடம்பெயர்த்தால் இண்டெக்ஸ் 0.75 குறைகிறது. ஒரு நல்ல ஆட்டம் எண்ணை முக்கால் அளவுதான் நகர்த்தும். மேலும் வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு இருபது கார்டுகள் முழுவதும் புதியவையாக மாற ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். ஐந்து மாதத்துக்கு முன் ஆடிய சிறந்த ஆட்டம் பட்டியலிலிருந்து வெளியேறும் வாரத்தில், நீங்கள் நன்றாகவே ஆடியிருந்தாலும் எண் சற்று உயரக்கூடும்.

மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் செலவிட வேண்டாம். ஒரு மணி நேரமாக மூன்று நாள்களில் பிரித்துக்கொண்டால் கற்றது நன்றாகத் தங்கும். ஒரு நாள் ரேஞ்சில் கலைத்து அடிக்கும் பயிற்சி, ஒரு நாள் கிரீனைச் சுற்றியுள்ள ஒன்பது இடங்களும் 100 கெஜத்துக்குட்பட்ட வெட்ஜ் ஷாட்டுகளும், ஒரு நாள் நீண்ட பட், குறுகிய பட். கிளப்புக்குச் செல்ல முடியாத நாள்களில் வீட்டுக் கம்பளத்தில் பத்து நிமிடம் பட்டரின் (பட் அடிக்கும் கிளப்பின்) முகத்தை இலக்குக்கு நேராக வைத்து அடித்துப் பாருங்கள். முதல் இருபது கார்டுகள் முடியும் வரை இண்டெக்ஸைப் பார்த்து இந்தத் திட்டத்தை மாற்ற வேண்டாம். அதன்பின் பெனால்டி, மூன்று பட், கிரீனுக்குக் குறையாக விழுந்த ஷாட் ஆகிய மூன்றில் எது இன்னும் குறையவில்லையோ, அடுத்த ஐந்து மாதங்களுக்கு மூன்று மணி நேரத்தில் இரண்டை அதற்கே கொடுங்கள்.